பேனலின் முதுகில் பதினேழு

பிரிஜட்டைச் சேதுபதி முதன்முதலில் சந்தித்தபோது அவன் கையில் ஒரு கடிதம் இருந்தது. பிரிஜட் திருடிவிட்டார் என்று சொல்லும் கடிதம். அதை எழுதியவனும் அவன்தான்.

1988ஆம் ஆண்டு, ஜூன் மாதம். சிங்கப்பூரில் சுங்கை ரோட்டுப் பக்கம், கால்வாயைப் பார்த்தபடி நின்ற ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நாகூர் கனியின் பழுதுபார்க்கும் கடை இருந்தது. ரேடியோ, கேசட் பிளேயர், கால்குலேட்டர் என்று பார்த்துக்கொண்டிருந்தவர் ஓராண்டாகக் கம்ப்யூட்டர்களையும் எடுக்க ஆரம்பித்திருந்தார். அந்தத் துணிச்சல் பிரிஜட் வந்து சேர்ந்த பிறகு வந்தது என்று அவரே எல்லாரிடமும் சொல்வார்.

சேதுபதி சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்துக்காரன். பொறியியல் படித்தவன், அவன் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். ஊரில் தாசில்தாருக்கும் மின்வாரியத்துக்கும் மனு எழுத வேண்டுமானால் அவனைத்தான் தேடி வருவார்கள். சிங்கப்பூருக்கு வந்து ஆன்சன் ரோட்டில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலையில் சேர்ந்த பிறகும் அந்தப் பெருமை அவனை விடவில்லை. அலுவலகத்தில் கடுமையாக ஒரு கடிதம் போக வேண்டுமென்றால் மேலாளர் இராமசாமி அவனைத்தான் கூப்பிடுவார்.

அலுவலகத்தில் புதிதாக நான்கு லேப்டாப்கள் வாங்கியிருந்தார்கள். அதில் ஒன்றின் மூடி கீல் உடைந்துபோனது. விற்ற கம்பெனியின் சர்வீஸ் சென்டர் ஒரு மாதம் ஆகும் என்றதால், பியூன் அதை நாகூர் கனியின் கடைக்குக் கொண்டுபோய் இரண்டே நாளில் சரிசெய்து வாங்கி வந்துவிட்டான். இரண்டு மாதம் கழித்து அதே லேப்டாப்பின் திரையில் குறுக்கே கறுப்புக் கோடுகள் விழுந்தன. இந்த முறை சர்வீஸ் சென்டருக்கே அனுப்பினார்கள். அங்கே திறந்து பார்த்த சர்வீஸ் மேலாளர் பெர்னார்ட் தொலைபேசியில் ஒரு குண்டைப் போட்டார். உள்ளே இருப்பது அசல் திரைப் பேனல் இல்லை. ஜப்பான் கம்பெனி செய்த அசல் பேனலின் முதுகில் வெள்ளி நிற லேபல் ஒட்டியிருக்கும். இதில் செய்தவர் பெயரே இல்லை. கீல் மாற்றிய கடையில் யாரோ அசலை உருவிக்கொண்டு மட்டமானதை மாட்டிவிட்டார்கள். கடையில் இந்த வேலையெல்லாம் செய்கிறவர் பிரிஜட், அவரை எனக்குத் தெரியும், ஒரே கோயிலுக்குத்தான் போகிறோம் என்றும் பெர்னார்ட் சேர்த்துச் சொன்னார்.

இராமசாமிக்குக் கோபம் தலைக்கேறியது. சேதுபதி தட்டச்சுப்பொறி முன் உட்கார்ந்தான். ஏழு நாளுக்குள் அசல் பேனல் திரும்பி வராவிட்டால் போலீசில் புகார் கொடுப்போம் என்று முடித்தான். பிரிஜட்டின் பெயரை மேலே ஒரு தடவையும் கீழே ஒரு தடவையும் போட்டான். இராமசாமி படித்துவிட்டு, "ஷார்ப்பா இருக்குலா," என்றார். அன்றைக்குச் சேதுபதிக்குச் சோறு ருசியாக இறங்கியது.

கடிதத்தை அவனே நேரில் கொண்டுபோனான். பிரிஜட் விளக்குக்கு அடியில் ஒரு கால்குலேட்டரைக் கவிழ்த்துப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தார். இருபத்தெட்டு வயது இருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை, கண்ணுக்கு மேல் தூக்கி விட்ட லென்ஸ். கைகளைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கி முழுவதையும் நிதானமாகப் படித்தார். பிறகு மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தார்.

"இந்த இங்கிலீஷ் யார் எழுதினது?"

"நான்தாங்க."

"நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. அந்த பேனலைப் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை என்றான் சேதுபதி.

"பார்க்காமலேயே என் பேரை ரெண்டு தடவை போட்டுட்டீங்க."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் சேதுபதியும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பான். பக்கத்தில் நின்ற நாகூர் கனிதான் கொதித்தார். இருபது வருஷமாகக் கடை நடத்துகிறேன், ஒரு திருகாணி காணாமல் போனது என்று ஒருவன் சொன்னதில்லை என்று ஆரம்பித்தார். பிரிஜட் அவரைக் கையமர்த்திவிட்டு, நாளைக்கு அந்த பேனலை என் கண்ணால் பார்க்க வேண்டும், நீங்களும் கூட வர வேண்டும் என்று சேதுபதியிடம் சொன்னார். எழுதினவர் வராமல் எப்படி என்று கேட்டபோது அவன் தலையாட்டினான்.

மறுநாள் சர்வீஸ் சென்டருக்குப் போகிற வழியில் நாகூர் கனிதான் பிரிஜட்டின் கதையைச் சொன்னார். பிரிஜட்டின் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து இறந்தவர். உயர்நிலைப் பள்ளியை முடித்ததும் 1978இல் மேற்கே ஜூரோங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஆபரேட்டராகச் சேர்ந்தார் பிரிஜட். முதலில் கைக்கடிகாரத்துக்கும் கால்குலேட்டருக்கும் சின்னச் சின்னத் திரைகள். பிறகு பெரிய பேனல்கள். ஒன்பது வருஷத்தில் பரிசோதனை மேசை வரைக்கும் வந்தார். அதற்கு மேல் டெக்னீஷியன். அதற்குச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். சான்றிதழோடு வந்த பையன்களுக்கு வேலை கற்றுக்கொடுக்கும் பொறுப்பு மட்டும் இவரிடம் இருந்தது. அப்படி இவர் கற்றுக்கொடுத்த ஆறாவது பையன் இவருக்கே மேலதிகாரியாக வந்த மாதம், ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

"எங்கிட்ட சோல்டரிங் அயன் வாங்க வந்தது. நான் ரெண்டு நாளா முட்டிக்கிட்டிருந்த கால்குலேட்டரைப் பார்த்துட்டு, பாய், கோளாறு போர்டுல இல்ல, டிஸ்ப்ளேலன்னு சொல்லிச்சு. நான் அயனை விக்கலை. ஆளை வேலைக்கு எடுத்துக்கிட்டேன்," என்றார் நாகூர் கனி.

சர்வீஸ் சென்டரில் அவர்களை உட்காரச் சொல்லவில்லை. பெர்னார்ட் டை கட்டியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பைபிள் வாசகம் படிக்கிறவர் என்பதால் குரல் கணீரென்று இருந்தது. பிரிஜட்டைப் பார்த்து, "அம்மா சுகமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பேனலைக் கவுண்டர் மேல் வைத்தார்.

பிரிஜட் அதைக் கையில் எடுக்கவில்லை. லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு குனிந்து அதன் முதுகைப் பார்த்தார். பச்சைப் பலகையின் ஓரத்தில் கடுகளவு ஒரு திருகு. அதன் மேல் முத்து மினுங்கும் ரோஸ் நிறத்தில் ஒரு பொட்டு. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியதைச் சேதுபதி கவனித்தான்.

"இதைச் செஞ்சது யாருன்னு எனக்குத் தெரியும்," என்றார்.

பிறகு விளக்கினார். திரை எவ்வளவு அழுத்தமாகத் தெரிய வேண்டும் என்பதை அந்தத் திருகை வைத்துத்தான் சரிசெய்வார்கள். சரிசெய்த பின் அது அசையாமலிருக்க ஒரு சொட்டு சிவப்பு அரக்கு வைப்பது எல்லாத் தொழிற்சாலையிலும் வழக்கம். அவருடைய தொழிற்சாலையில் அந்த அரக்கின் நாற்றத்தில் பெண்களுக்குத் தலை சுற்றும். 1985இல் நாலாவது லைனில் இரண்டு பேர் வயிற்றுப்பிள்ளைக்காரிகள். வேறு அரக்கு வாங்கித் தாருங்கள் என்று மேலதிகாரியிடம் மூன்று முறை கேட்டார்கள். அடுத்த காலாண்டு பார்க்கலாம் என்றார். காலாண்டுகள் போய்க்கொண்டே இருந்தன. பிரிஜட் தேக்காவில் ஒரு ஃபேன்சி கடையில் ரோஸ் நிற நகப்பூச்சு ஒரு டஜன் புட்டி வாங்கிக்கொண்டு போனார். சீக்கிரம் காய்ந்தது, தலையும் சுற்றவில்லை. திருகு அசையாமல் இருக்கிறதா என்பதை மட்டும் மேலதிகாரி பார்த்தார். எதை வைத்து ஒட்டினார்கள் என்று அவர் கேட்கவே இல்லை. நாலாவது லைன் அன்றிலிருந்து நகப்பூச்சுதான்.

"உலகத்துல வேற எந்த ஃபேக்டரியும் பேனலுக்கு கியூட்டெக்ஸ் போடாது," என்றார் பிரிஜட். "இது ஜப்பான்ல இருந்து வரல. ஜூரோங்ல இருந்து வந்தது."

பெர்னார்ட் சிரித்தார். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற இரண்டு டெக்னீஷியன்களும் சிரித்தார்கள். "நான் என்ன சொன்னேன்? லோக்கல் பேனல்தானே? அதைத்தான் நானும் சொல்றேன்."

நாகூர் கனி பிரிஜட்டின் காதருகே, "இதோட நிறுத்திக்கம்மா," என்றார். ஆனால் பிரிஜட் நிறுத்துகிறவராக இல்லை. பலகையின் ஓரத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் டேப்பை உரிக்கச் சொன்னார். பரிசோதித்தவரின் எண்ணை அடித்து அதன்மேல் டேப் ஒட்டுவது அந்தத் தொழிற்சாலை முறை. பெர்னார்ட் நகத்தால் உரித்தார். கீழே ஊதா மையில் வருடமும் வாரமும் இருந்தன. பக்கத்தில் ஒரு வட்டத்துக்குள் 17.

"பதினேழு யாரு?" என்று கேட்டார் பெர்னார்ட்.

வாயை மூடிக்கொண்டு தோளைக் குலுக்கியிருந்தால் தீர்ந்தது. சேதுபதி அந்த இடத்தில் நின்றிருந்தால் அப்படித்தான் செய்திருப்பான். பிரிஜட் லென்ஸைக் கண்ணிலிருந்து கழற்றினார்.

"நான்தான்."

நாகூர் கனி கண்ணை மூடிக்கொண்டார். பெர்னார்டின் முகத்தில் வெளிச்சம் வந்தது. ஆக, தொழிற்சாலையிலிருந்து எடுத்து வைத்திருந்த பேனலைத்தான் இதில் மாட்டியிருக்கிறீர்கள் என்றார். ஒரு திருட்டு இரண்டாகிவிட்டது. சேதுபதியைப் பார்த்து, உங்கள் கடிதத்தில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று உதவி வேறு செய்தார்.

அப்போதுதான் பிரிஜட் முதன்முறையாகக் குரலை உயர்த்தினார். "ஒன்பது வருஷம் தெனமும் கேட்ல என் பையைத் திறந்து காட்டினேன். சோத்து டப்பாவைத் திறந்து காட்டினேன். மீன் குழம்புக்குள்ள கரண்டியை விட்டுக் கிளறிப் பார்த்தான் கார்டு. இந்த பேனல் தட்டு சைஸ் இருக்கு. எந்த டப்பால வச்சு எடுத்துட்டு வந்தேன், சொல்லுங்க."

"மிஸ் பிரிஜட், இது டெக்னிக்கல் மேட்டர்லா. நீங்க ஆபரேட்டர்," என்றார் பெர்னார்ட். பிறகு உள்ளே போய்விட்டார்.

அந்த ஒரு சொல்லில்தான் சேதுபதிக்குள் ஏதோ திரும்பியது. பேனலின் முதுகைப் பார்த்து ஊர், லைன், வாரம், ஆள் என்று நான்கையும் சொன்னவர் ஆபரேட்டர். ஒரு லேபல் இல்லை என்பதை வைத்துத் திருட்டு என்று சொன்னவர் மேலாளர். அந்த மேலாளரை நம்பிப் பார்க்காமலேயே தட்டியவன் பொறியாளன். பட்டமளிப்பு விழாவில் போட்ட கறுப்பு அங்கியை நினைத்தபோது அவனுக்கு முதல் தடவையாகக் கூச்சமாக இருந்தது.

விஷயம் கவுண்டரோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாசலில் பெர்னார்ட் இரண்டு பேரிடம் சொன்னார். அது போதும். வியாழக்கிழமை தோறும் புக்கிட் பாத்தோக்கில் பிரிஜட்டின் வீட்டில்தான் பெண்கள் கூடிச் செபமாலை சொல்வார்கள். அந்த வாரம் இடத்தை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். பிரிஜட்டின் அம்மா பாய் விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, மாதா படத்துக்கு முன் எட்டு மணி வரை தனியாக உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை பிரிஜட் சேதுபதியின் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கடிதத்தில் குறித்த ஏழு நாள் அன்றோடு முடிகிறது.

அவர் கேட்டது ஒன்றுதான். "நாலு வாங்கினீங்க. நான் தொட்டது ஒண்ணு. தொடாதது மூணு இருக்கே. அதைத் திறந்து பாருங்க."

கேட்டவுடன் சேதுபதிக்குத் தன் தலையில் தானே குட்டிக்கொள்ளத் தோன்றியது. இவ்வளவு எளிய சோதனை. எந்தப் பாடப்புத்தகத்திலும் முதல் அத்தியாயத்தில் இருப்பது. ஆனால் இராமசாமி ஒப்பவில்லை. கம்பெனியின் சீல் உடைந்தால் வாரண்டி போய்விடும். ஒரு லேப்டாப்புக்காக இன்னும் மூன்றைப் பணயம் வைப்பதா? பெர்னார்டிடம் தொலைபேசியில் கேட்டால், பழுதில்லாத லேப்டாப்பைத் திறப்பதில்லை, அது கம்பெனி விதி என்றார்.

மதியம் இராமசாமி சாப்பிடப் போனதும் சேதுபதி அலமாரியிலிருந்து இரண்டு லேப்டாப்களை எடுத்துக்கொண்டு டாக்சி பிடித்தான். வழியில் பிரிஜட்டையும் ஏற்றிக்கொண்டான். வேலை போனால் வேலை பெர்மிட்டும் போகும், பெர்மிட் போனால் சென்னை விமானம்தான் என்பது அவனுக்குத் தெரியாமலில்லை. டாக்சியில் போகும்போது, உங்களுக்கு எதற்கு இந்த வம்பு என்று பிரிஜட் ஒரு தடவை கேட்டார்.

"எழுதினது நான்தானேக்கா," என்றான்.

சர்வீஸ் சென்டரில் அன்று கூட்டம். ஏழெட்டு வாடிக்கையாளர்கள் எண் சீட்டோடு காத்திருந்தார்கள். சேதுபதி முதல் லேப்டாப்பைக் கவுண்டர் மேல் கவிழ்த்து வைத்தான். சீல் முழுதாக இருப்பதை எல்லாருக்கும் தெரிகிறபடி காட்டினான். பெர்னார்ட் விதியை மறுபடியும் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கட்டைவிரல் நகத்தால் சீலைக் கீறினான்.

"இப்ப சீல் இல்லைங்க. திறங்க."

பெர்னார்ட் பிரிஜட்டைப் பார்த்தார். பிரிஜட் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "நீங்களே திறங்க சார். நான் தொட்டா நாளைக்கு இதையும் நான்தான் மாத்தினேன்னு சொல்வீங்க. உள்ளே என்ன இருக்கும்னு மட்டும் முன்னாலேயே சொல்லிடறேன். வெள்ளி லேபல் இருக்காது. திருகு மேல ரோஸ் பொட்டு இருக்கும். மஞ்சள் டேப்புக்குக் கீழ ரவுண்டுக்குள்ள ஒரு நம்பர் இருக்கும். என் நம்பரா இருக்கணும்னு இல்ல. மேசையில நாங்க மூணு பேர். பதினேழு, இருபது, இருபத்திரண்டு."

காத்திருந்தவர்களில் நான்கு பேர் எழுந்து கவுண்டர் பக்கம் வந்துவிட்டார்கள். பெர்னார்டுக்கு வேறு வழியில்லை. திருகுகளைக் கழற்றி, மூடியைப் பிரித்து, பேனலைத் திருப்பினார்.

லேபல் இல்லை. ரோஸ் பொட்டு இருந்தது. டேப்பை உரித்தார். இருபத்திரண்டு.

"மெய் லிங்," என்றார் பிரிஜட். "கொஞ்சம் கோணலாத்தான் அடிப்பா."

இரண்டாவதையும் திறந்தார்கள். மறுபடி இருபத்திரண்டு. மறுபடி கோணல். கூட்டத்தில் ஒரு சீனப் பெரியவர் தன் பையைத் திறந்து, அதே மாடல் லேப்டாப்பை எடுத்து, எனக்கும் பார்த்துச் சொல்லுங்கள் என்று பிரிஜட்டிடம் நீட்டினார். பிரிஜட் சிரித்துவிட்டு, உங்களுக்கு வாரண்டி இருக்கட்டும் அங்கிள் என்றார்.

மாலைக்குள் தலைமை அலுவலகத்திலிருந்து ஃபேக்ஸ் வந்தது. முதல் சரக்குக்கு மட்டும் ஜப்பான் பேனல். தேவை கூடியதால் அடுத்த சரக்குக்கு ஜூரோங் தொழிற்சாலையிலிருந்து வாங்கினார்கள். இரண்டும் அசல்தான். பெர்னார்டின் மேசையில் இருந்தது பழைய உதிரிபாகப் பட்டியல். புதியது வந்து மூன்று மாதமாகக் கோப்பில் பிரிக்காமல் கிடந்தது. அந்தப் பட்டியலைப் பிரிக்காததால் ஒரு பெண்ணைத் திருடி என்றார்கள்.

புது பேனல் போட்டுத் தருகிறோம், உடைந்த சீலுக்குப் பதில் புது சீல் ஒட்டித் தருகிறோம், மேட்டர் குளோஸ் என்றார் பெர்னார்ட்.

"குளோஸ் இல்ல. பேரு போட்டுச் சொன்னீங்க. பேரு போட்டே திருப்பி எடுங்க," என்றார் பிரிஜட்.

சேதுபதி அன்றிரவே தன் கடிதத்தைத் திரும்பப் பெறும் கடிதத்தைத் தட்டினான். இந்த முறை அவர் பெயரை மூன்று தடவை போட்டான். காலையில் இராமசாமி அரை மணி நேரம் அவனைத் திட்டினார். சொல்லாமல் லேப்டாப்பை எடுத்ததற்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். பிறகு கடிதத்தை வாங்கிக் கையெழுத்தும் போட்டார்.

சர்வீஸ் சென்டரிலிருந்து கடிதம் வர மூன்று வாரம் ஆனது. முதலில் வந்ததில், "சரிபார்த்ததில் பாகம் அசல் எனத் தெரியவந்தது" என்று மட்டும் இருந்தது. யார் என்ன சொன்னார்கள் என்பது இல்லை. சேதுபதி திருப்பி அனுப்பினான். இரண்டாவதில் "சம்பந்தப்பட்ட கடை ஊழியர்" என்று வந்தது. குற்றம் சொல்ல மட்டும் பெயர் தெரிந்ததா என்று கேட்டு அதையும் திருப்பி அனுப்பினான். மூன்றாவதில் பிரிஜட்டின் முழுப்பெயரும், அவர் மேல் சொன்ன குற்றச்சாட்டு தவறு என்ற வரியும் இருந்தன. மன்னிப்பு என்ற சொல் அதிலும் இல்லை.

பெர்னார்ட் வாசலில் சொன்னதை வாசலில் திருப்பிச் சொல்லவில்லை. பிரிஜட்டின் அம்மாதான் கடிதத்தின் நகலைச் செபப் புத்தகத்துக்குள் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோனார். வாசலில் நின்று, வியாழக்கிழமை வராமல் போன ஒவ்வொருவரிடமும் படிக்கக் கொடுத்தார். ஆங்கிலம் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் நின்றவர்களைப் படித்துச் சொல்லச் சொன்னார். அடுத்த வியாழக்கிழமை பாய் போதவில்லை. பக்கத்து வீட்டில் இரண்டு பாய் வாங்கி விரித்தார்கள்.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பெர்னார்ட் பதவி உயர்வு பெற்றுத் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசகமும் அவர்தான் படிக்கிறார். பிரிஜட் நாகூர் கனியின் கடையில் அதே விளக்குக்கு அடியில் வேலை செய்கிறார். அம்மாவோடு புக்கிட் பாத்தோக்கில் குடியிருக்கிறார். டெக்னீஷியன் சான்றிதழ் இன்னும் அவரிடம் இல்லை.